திருப்பிக் கொடுக்கும் கடல்

கற்பூரம் ஏற்றி அணைத்துச் சத்தியம் செய்யலாம் என்று பார்த்தால், தரங்கம்பாடிக் காற்றில் அது ஏற்றுவதற்கு முன்பே அணைந்துவிடுகிறது.

அதையே சத்தியமாக வைத்துக்கொள்ளவும். இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

அந்த அம்மாள் வருவதைப் பார்த்ததும் தொப்பிக்காரர் தன் தொப்பிகளுக்குப் பின்னால் குனிந்துகொண்டார்.

பயனில்லை. மழை ஓய்ந்த தை மாதம். கோட்டை வாசலில் ஈ காக்கை இல்லை. பரப்பி வைத்த ஓலைத் தொப்பிகளும், அவற்றை விற்கும் இஸ்ரவேலும்தான். எவ்வளவு குனிந்தாலும் தெரிவார்.

தொப்பி வாங்கினால் கதை இலவசம். அது அவருடைய வியாபார முறை.

போன தையில் மன்னார்குடியிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். கணவர் தொப்பி வாங்கினார். முழங்கால் தண்ணீரில் நின்றபடியே கதை கேட்டார். டேனிஷ் கப்பல்காரன் ஒருவன் கடலில் தவறவிட்ட புகையிலைச் சுங்கான், நூறு வருடம் கழித்துக் கரை ஒதுங்கியபோதும் புகைந்துகொண்டிருந்த கதை.

மனிதர் வாய்விட்டுச் சிரித்தார்.

அந்த நேரம் பார்த்து ஓர் அலை.

பல் செட்டு போய்விட்டது.

இஸ்ரவேல்தான் தேற்றினார். "கவலைய விடுங்க ஐயா. இந்தக் கடல் எதையும் வச்சுக்காது. அடுத்த மழை முடிஞ்சு வந்து பாருங்க, கரையில கெடக்கும்."

மழைக்குப் பிறகு இங்கே பழைய காசு ஒதுங்கும். ஊர்க்காரர்கள் குனிந்த தலை நிமிராமல் கரையில் நடப்பார்கள். அதுவரைக்கும் உண்மை. பல்லைச் சேர்த்தது அவருடைய கைச்சரக்கு.

இப்போது அந்த அம்மாள் தனியாக வந்து நின்றாள்.

நெற்றியில் விபூதி மட்டும்.

"அவரு ஆவணியில போயிட்டாருண்ணே."

இஸ்ரவேல் எழுந்து நின்றார். கையில் ஒரு தொப்பி எப்படியோ வந்திருந்தது.

"புதுசு கட்டிக்கங்கன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். கேக்கல. 'தொப்பிக்கார அண்ணன் வாக்கு குடுத்திருக்காரு செங்கமலம், வந்துரும்'னு கஞ்சியக் குடிச்சே காலத்தத் தள்ளிட்டாரு. கடைசியா பேசினப்பவும் அதான். தையில மறக்காமப் போயி வாங்கிட்டு வந்துருன்னாரு."

செங்கமலம் கடலைப் பார்த்தாள். கடைக்காரர் உள்ளே போயிருக்கிறார், எடுத்துக்கொண்டு வந்துவிடுவார் என்பது போல.

"வந்துருச்சாண்ணே?"

முப்பது வருடம் பொய் வழுக்கிக்கொண்டு வந்த வாய். இன்றைக்கு நேரம்தான் கேட்டது.

"இன்னிக்குத்தாம்மா கடல் உள்வாங்கியிருக்கு. கோயில் பக்கம் பாத்துட்டு வாங்க. இந்தப் பக்கம் நான் பாக்குறேன்."

அவள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள். சிப்பி கிடந்த இடத்தில் எல்லாம் நின்றாள்.

இஸ்ரவேல் கோட்டைச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். வாயில் கைவிட்டு, தன் மேல் வரிசையைக் கழற்றினார்.

வெயிலில் பார்த்தார். ஒரு வருடம் கடலில் கிடந்த பல் இவ்வளவு வெள்ளையாகச் சிரிக்கக் கூடாது. மணலில் போட்டுத் தேய்த்தார். உப்புத் தண்ணீரில் முக்கினார். இடுக்கில் கொஞ்சம் பாசி வைத்தார். அலை தொட்டுத் திரும்பும் இடத்தில் பாதி புதைத்து வைத்துவிட்டுத் தள்ளி நின்றார்.

ஒரு நண்டு வந்து அதைத் தூக்கிக்கொண்டு ஓடியது. ஓடியது பக்கவாட்டில். சிரித்தது அவரைப் பார்த்து. துரத்திப் பிடுங்கி மறுபடி புதைக்க வேண்டியதாயிற்று.

கற்பூரத்தை நினைவில் வைத்துக்கொள்ளவும்.

செங்கமலம் திரும்பி வந்தாள். பார்த்தாள்.

உட்கார்ந்தாள்.

பாசியை விரலால் எடுத்துப் போட்டாள். கழுவினாள். திருப்பிப் பார்த்தாள். மறுபடியும் திருப்பிப் பார்த்தாள். பிறகு இஸ்ரவேலின் முகத்தைப் பார்த்தாள். அவர் இறுக மூடிய வாயோடு அடிவானத்தில் ஒரு கப்பலைத் தேடிக்கொண்டிருந்தார்.

"அவரோடதுதாண்ணே" என்றாள். குரல் உடைந்து, பாதியில் சிரிப்பாகிவிட்டது. "அவரு சொன்ன மாதிரியே ஆயிருச்சு."

முந்தானையில் முடிந்துகொண்டாள்.

இஸ்ரவேல் வாயைத் திறக்காமல் தலையாட்டினார். ஒரு தொப்பியை எடுத்து நீட்டினார். கதை சொல்லாமல் அவர் கொடுத்த முதல் தொப்பி.

அவள் அதை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள். கோட்டைப் படியில் அவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, பையில் எதையோ சரி செய்தாள். எழுந்து வந்து ஒரு பொட்டலத்தை அவர் கையில் வைத்தாள்.

"முறுக்குண்ணே. உங்களுக்குன்னு சுட்டேன். நல்லாக் கடிச்சுச் சாப்பிடணும்."

பேருந்து அவளை ஏற்றிக்கொண்டு போகும்வரை அவர் பொட்டலத்தைப் பிடித்தபடியே நின்றார். ஈறு கூசியது.

பிரித்தார்.

முறுக்கின் மேல், துடைத்துச் சுத்தமாக, அவருடைய மேல் வரிசை.

கடலோரம் போனார். பல்லைக் கழுவி மாட்டிக்கொண்டார். முறுக்கை முழுவதும் தின்று தீர்த்தார். அலைச் சத்தத்தையும் மீறி அது நொறுங்கியது.

இப்போதெல்லாம் தொப்பி வாங்குபவர்களிடம் அவர் சொல்கிற கதை இதுதான். இந்தக் கடல் எதையும் வைத்துக்கொள்ளாது, என் பல்லையே திருப்பிக் கொடுத்தது என்று வாயைத் திறந்தும் காட்டுகிறார். யாரும் நம்புவதில்லை. அந்த அம்மாள் எப்படிக் கண்டுபிடித்தாள் என்பது மட்டும் அவருக்கு இன்றுவரை விளங்கவில்லை.

செங்கமலத்தின் கணவர் தொலைத்தது கீழ் வரிசை.