பெட்டிக்குள் செங்கல்

மேல்மூடி கழன்று வந்ததும் மகள் குனிந்து பார்த்தாள்.

உள்ளே ஒரு செங்கல்!

பழைய துணியில் சுற்றி, கம்பி போட்டு இறுக்கிக் கட்டிய முழுச் செங்கல்.

அந்தப் பெட்டி, ரிப்பேர் ஆகும் ரேடியோக்களுக்கு மின்சாரம் கொடுக்கும் அப்பாவின் பவர் சப்ளை. ரேடியோ மெக்கானிக்காக இருந்த காலத்தில் அவரே வாங்கிய இரும்புப் பெட்டி. தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். கடையை மூடிய பிறகும், பின்னறை மேஜையில் அதை வைத்துக்கொண்டு அக்கம்பக்கத்து ரேடியோக்களைக் குடைந்துகொண்டிருப்பார்.

மகளுக்கு ஆஸ்பத்திரி மெஷின்களைச் சரிபார்க்கும் வேலை. லீவுக்கு வந்திருந்தாள். அப்பா முடிவெட்டிக்கொள்ளப் போன நேரத்தில், பெட்டியில் உள்ள பழைய கெப்பாசிட்டர்களை மாற்றி அவரை அசத்திவிட நினைத்தாள்.

முதலில் மீட்டர் வைத்துப் பார்த்தாள். பெட்டியின் முள் இருபத்துநாலு வோல்ட் என்று சத்தியம் செய்தது. அவள் மீட்டரோ ஐந்து என்றது. குமிழைத் திருப்பினாள். முள் இறங்கியது. ஐந்து மட்டும் அசையவில்லை.

ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைக் கழற்றப் போனால், ஒரு ஸ்க்ரூகூட இல்லை. சுற்றிலும் ரிவெட் ஆணி அடித்திருந்தது. ஒவ்வொன்றாகத் துளைபோட்டு எடுத்துப் பார்த்தால் இந்தக் கூத்து!

டிரான்ஸ்பார்மரைக் காணோம். கெப்பாசிட்டர்களைக் காணோம். செங்கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பழைய போன் சார்ஜர்தான் சொருகியிருந்தது.

'நம்ம ஸ்க்ரூ எடுத்துட்டுப் போய் சர்வீஸ் பண்ணிக் குடுத்தான். புதுசு மாதிரி ஆயிடுச்சு!' என்று அப்பா போனில் பூரித்துப் பேசியது நினைவுக்கு வந்தது.

ஸ்க்ரூ மாமா! அப்பாவின் கடைக்கூட்டாளி. எதைப் பார்த்தாலும் கழற்றிப் பார்க்கிற ஆள் என்பதால் வந்த பெயர்.

சரியாக அந்த நேரம் பார்த்து அவரே உள்ளே வந்தார். "எப்பம்மா வந்தே? அப்பா எங்..."

பேச்சு பாதியில் நின்றது. பார்வை பெட்டிக்குள் போனது.

"இது உங்க வேலைதானா மாமா?"

"ஆமாம்மா."

"டிரான்ஸ்பார்மர் எங்கே?"

"எடுத்துட்டேன்."

"அதுல இருக்கிற செம்புக்கு ஆசைப்பட்டீங்களா? உங்களைக் கூடப்பிறந்தவர் மாதிரி நினைக்கிறாரே அப்பா! அவருக்குப் போய் செங்கல்லைக் கட்டிக் குடுக்க எப்படி மனசு வந்துச்சு?"

மாமா வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்தார். "கத்தாதேம்மா. அப்பா வந்துடப் போறான்."

"வரட்டும்! உங்க யோக்கியதை தெரியட்டும். இனிமே இந்த வீட்டுப் படி ஏறாதீங்க!"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா சத்தம் கேட்டு மாடியிலிருந்து ஓடிவந்தாள். பெட்டியைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அடிப்பாவி! அவரையா விரட்டினே?"

"திருடினவரை விரட்டாம?"

"திருடினாரா? போன வருஷம் அந்தப் பெட்டி ஷாக் அடிச்சு உங்கப்பா நாற்காலியோட கீழ விழுந்து கிடந்தார், தெரியுமா? இன்னொரு தடவை அடிச்சா இதயம் தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டார். கை வேற நடுங்குது. வேலையை விடுங்கன்னோம். படுத்த ஆள் எழுந்திரிக்கல. பேச்சு இல்ல, பாதிச் சாப்பாடு. சுவரையே பார்த்துக்கிட்டுக் கிடந்தார்."

"என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"நீ அங்கேயிருந்து பதறுவேன்னுதான். அப்புறம் உங்க மாமாதான் பெட்டியைத் தூக்கிட்டுப் போனார். ஷாக் அடிக்கிற சாமானையெல்லாம் எடுத்துட்டு, ரேடியோ பாடற அளவுக்கு மட்டும் சார்ஜர் வெச்சு, எடை குறைஞ்சா கண்டுபிடிச்சிடுவார்னு செங்கல் கட்டி... மறுநாளே உங்கப்பா எழுந்து மேஜைக்கு வந்துட்டார்டி!"

மகள் செருப்புகூடப் போடாமல் ஓடினாள். தெருமுனையில் போய்ப் பிடித்தாள். "மாமா..." என்று சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

"அட, விடும்மா. பெத்த அப்பனுக்காகத்தானே சண்டை போட்டே?" என்றார் அவர். "முதல்ல போய் மூடியை மாட்டு. அவன் வந்துடுவான்."

ரிவெட் இருந்த ஓட்டைகளில் கிடைத்த ஸ்க்ரூக்களைப் போட்டு, அவசரமாக முடுக்கி முடிப்பதற்கும் அப்பா வருவதற்கும் சரியாக இருந்தது.

நேரே மேஜைக்கு வந்தார். பெட்டியைப் பார்த்தார். புது ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாக விரலால் தடவினார்.

"கதவைச் சாத்து," என்றார் மெதுவாக.

சாத்தினாள்.

"திறந்து பார்த்துட்டியா? உள்ளே டிரான்ஸ்பார்மர் இல்ல, அதானே?"

"அப்பா! உங்களுக்கு... எப்போ தெரியும்?"

"பெட்டி திரும்பி வந்த அன்னிக்கே. நாள் முழுக்க ஓடியும் கொஞ்சம்கூடச் சூடாகாத பவர் சப்ளை எங்கேயாவது உண்டா?"

"அப்புறம் ஏம்ப்பா தினமும் இதுக்கு முன்னால உட்கார்றீங்க?"

அப்பா ஸ்விட்சைப் போட்டுவிட்டு, நடுங்கும் கையால் ஒரு ரேடியோவை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டார்.

"நான் எழுந்து உட்காரணும்னு ஒருத்தன் இவ்வளவு பாடுபட்டிருக்கான். நான் உட்காரலைன்னா, அவன் படுத்துடுவாம்மா."