கேள்வி கேட்ட அதிகாரி

"விசாரணையே இல்லாம ஊழியரை வேலையைவிட்டுத் தூக்கலாம்ங்கிற புது விதி வேண்டாங்க" என்றாள், கருத்துக்கேட்புக் கூட்டத்தில் ஊழியர் சங்கச் செயலாளர்.

அதிகாரி சிடுசிடுத்தார். "தப்பு செஞ்சவனுக்கு எதுக்கு விசாரணை?"

"செஞ்சானான்னு விசாரிச்சாத்தானே சார் தெரியும்?"

கைதட்டல் எழுந்தது. அதிகாரி சுருக்கெழுத்தாளரைப் பார்த்து, "எழுதிக்கங்க" என்றார். "சரி, நேர்மையானவங்க ஏன் பயப்படணும்?"

"தப்பான உத்தரவுக்குத் தலையாட்டாத நேர்மையானவங்கதான் சார் முதல்ல போவாங்க."

"இதையும் எழுதுங்க!" மேசையைத் தட்டினார் அதிகாரி.

வெளியே வந்ததும், வெளியூர்க் கிளையிலிருந்து வந்திருந்த தோழி பொரிந்தாள். "சிடுமூஞ்சி! இந்த ஆளோட பொண்டாட்டி எப்படித்தான் குப்பை கொட்டுறாளோ!"

செயலாளர் சிரித்து மழுப்பிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினாள்.

மாலையில் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார் அதிகாரி.

"ஏங்க, கட்டின பொண்டாட்டியை அப்படியா குடைவீங்க?"

"அந்த விதியை எதிர்த்துப் பேச என் நாற்காலிக்கு வாய் கிடையாதும்மா. கேள்வி மட்டும்தான் கேக்கலாம். நான் கேட்டாத்தான் உன் பதில் குறிப்புல ஏறும்."

கத்தியைக் கீழே வைத்துவிட்டு, தயக்கத்தோடு அவளைப் பார்த்தார்.

"கேக்க வேண்டியது எதையும் விட்டுடலையே?"