நூற்றுக்கு ஒன்று குறையுது

"அந்த அம்மா மட்டும் என் கையில கிடைக்கட்டும். பிள்ளைக்குப் போடவேண்டிய ஊசியை அவளுக்கே போட்டுவிடறேன்!"

நர்ஸ் அக்கா போட்ட சத்தத்தில், ஊசி குத்தியபோதுகூட அழாத குழந்தை ஒன்று வாசலில் வீலென்று கத்தியது. காலையில்தான் வேலைக்குச் சேர்ந்திருந்த கிளார்க், பாவம், சிரிப்பை அடக்க ரிஜிஸ்டருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அக்காவின் கோபத்திலும் நியாயம் இருந்தது. தட்டம்மை இரண்டாம் ஊசி தொண்ணூற்றொன்பது பிள்ளைகளுக்குப் போட்டாயிற்று, ஒன்றே ஒன்றுதான் பாக்கி. பக்கத்துத் தெருவில் இரண்டு குழந்தைகள் உடம்பெல்லாம் சிவந்து படுத்திருக்கின்றன. திறந்த மருந்துக் குப்பியோ ஐந்து மணிக்கு மேல் உதவாது. நூறு ஆனதும் ஊத வாங்கிய பலூன்கள் வேறு மேசையில் சுருண்டு கிடந்தன.

மேலிடத்திலிருந்து வந்த பட்டியலில் பிள்ளையின் பெயரே கிடையாது. அட்டை எண், அம்மாவின் போன் எண், அவ்வளவுதான். கிளார்க் ஆபீஸ் போனில் ஏழாவது தடவையாக அந்த நம்பரை அழுத்தினாள்.

"இப்பவும் பிஸிதான் அக்கா."

நர்ஸ் அக்கா தன் செல்லைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினாள். "ஊர்க்கதை பேச நேரமிருக்கு, பெத்ததைத் தூக்கிட்டு வர நேரமில்லையாம்!"

மறுபடி செல் காதுக்குப் போனது. குரல் பஞ்சாகிவிட்டது. "லேசாத்தான் காய்ச்சல் அடிக்கும் கண்ணு, பயப்படாதே." அடுத்து இன்னொரு தாய். அதற்கடுத்து வீட்டுக்காரர்.

"பாப்பா தூங்கிட்டாளா? என்னங்க நீங்க, புதன்கிழமை ஊசி நாள்னு தெரியாதா? எனக்கு மூச்சுவிட நேரமில்லை, வைங்க!"

மணி நாலே முக்கால். கடைசியாக ஒருதரம் என்று கிளார்க் அழுத்தினாள்.

"அக்கா! ரிங் போகுது!"

"விடாதே, பிடி அவளை!" என்று துள்ளி எழுந்தாள் நர்ஸ் அக்கா. அந்த நேரம் பார்த்தா அவள் செல்லும் சிணுங்கவேண்டும்? யாரென்று பார்க்காமலே எடுத்து எரிந்து விழுந்தாள்.

"யாருங்க அது? தலைபோற வேலையா இருக்கேன், அப்புறம் பேசுங்க!"

கிளார்க்கின் ஒரு காதில் போன் வழியாக, மறு காதில் நேராக, அதே குரல். ரிசீவரை வைக்காமல் மெல்லக் கேட்டாள்:

"ஊசியை எந்தக் கையில போடலாம், அக்கா?"