ஏழாம் எண் அட்டை

அந்தப் படகில் எண் அட்டைகள் தொங்குகிற ஒரு பலகை உண்டு, கண்ணுகளா. மணல்தீவுக்குப் பறவையும் ஆமையும் பார்க்க வருகிறவர்கள், நீச்சல் கண்ணாடி மாட்டிக் கடலில் இறங்கும்போது தங்கள் எண் அட்டையைச் சிவப்புப் பக்கமாகத் திருப்ப வேண்டும். ஏறியதும் வெள்ளைப் பக்கமாக. கண்ணாடி எடுத்துக் கொடுக்கிறவளுக்கு எட்டாம் எண். அவள் கணவனுக்கு ஏழு. போன வருஷம் இறங்கியவன் ஏறவில்லை. சிவப்பாகவே நின்ற அவன் அட்டையை அவள் கழற்ற விடவில்லை.

ஒரு மாலை, தீவிலிருந்து படகு திரும்பக் கிளம்பும்போது, அது வெள்ளையாக இருந்தது, ஈரமாகவும் இருந்தது.

"அண்ணே, கொஞ்சம் நில்லுங்க. அவர் ஏறிட்டாரு."

"ஏறி, என் மடியிலயா உக்காந்திருக்காரு? யாரோ விளையாடியிருக்காங்க தங்கச்சி," என்றார் படகோட்டி.

அவள் பார்த்தாள். ஓர் இடம்கூடக் காலியில்லை. துறைக்கு வந்தபோது அட்டை மறுபடி சிவப்பு. தினமும் இதேதான்.

தன்னால்தான் அவனுக்கு உட்கார இடமில்லையோ என்று நினைத்து, ஒருநாள் சொல்லாமல் தீவிலேயே நின்றுவிட்டாள். பறவை பார்க்கும் தொலைநோக்கியில் பார்த்தால், போகிற படகில், அவள் இடத்தில், தலையைத் துவட்டிக்கொண்டு அவன்.

"நாளைக்கு வரட்டும், இருக்கு அவருக்கு," என்று சிரித்து அழுதாள்.

மறுநாள் படகு வந்தது. அவன்தான் கண்ணாடிகளை எடுத்துக் கொடுத்தான். இடுப்பளவு தண்ணீரில் நின்று அவள் கூப்பிட்டாள். யாரும் திரும்பவில்லை. பலகையில் எட்டாம் எண் சிவப்பாக இருந்தது.

"அவ கடல்ல இறங்கி வருஷம் ஒண்ணாச்சு தம்பி. அதைக் கழட்டிடேன்," என்றார் படகோட்டி.

"இருக்கட்டும்ணே," என்றான் அவன்.