இடது கை தூக்கியவன்

குற்றப்பட்டியலை வரிசை மாறாமல் படித்தார் சங்கத் தலைவர் அரிகிருஷ்ணன்.

“ஒண்ணு. சித்திரையில வேலைநிறுத்தத்துக்குக் கை தூக்கச் சொன்னப்போ இந்தக் கன்னியப்பன் தூக்கினது இடது கை. என்ன கொழுப்பு! ரெண்டு. மே தின ஊர்வலத்துல கொடிக்கம்பத்தைத் தொடல. மூணு. ஆடியில நாம ஆலை வாசல்ல பட்டினி கிடந்தப்போ, தொரை ஆஸ்பத்திரியில தோளுக்கு ஆபரேஷன் பண்ணிக்கிட்டுப் படுத்திருந்தாரு. நாலு. நேத்து மறியலுக்குக் கூப்பிட்டா, வலி திரும்பிடுச்சாம்!”

முத்தியால்பேட்டை சங்கக் கொட்டகை சிரித்தது. சாட்சிக்கு உட்கார்ந்திருந்த பத்துப் பேரும் ஆலைத் தொழிலாளிகள். குற்றம் உறுதியானால் கன்னியப்பன் பெயரை உரக்கப் படித்து, ஆலை வாசல் பலகையில் கருங்காலி என்று எழுதிவிடுவார்கள். அப்புறம் ஊரில் ஒருத்தரும் அவன் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள்.

“ஜவ்வு ஒட்டிடுச்சுன்னுதாண்ணே டாக்டர் சொன்னாரு. ஆறு மாசம் நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப கையத் தூக்கினா மறுபடி கழண்டுக்குது,” என்றான் கன்னியப்பன்.

“சோத்துல கை வைக்கிறப்போ கழண்டுக்காதோ?”

கோழைகளைக் கண்டாலே அரிகிருஷ்ணனுக்குக் குமட்டும். போன வருஷம், எழுபத்தொன்பது மாசியில் நடந்த தடியடியில் மண்டை பிளந்தும், ஆலையின் பின்சுவரைத் தனி ஆளாய் ஏறிக் குதித்தவர் அவர். மேடைக்கு மேடை சொல்லியிருக்கிறார்.

கன்னியப்பனின் மனைவி அஞ்சலாட்சி ஒரு தாளை நீட்டினாள்.

“டாக்டரோட இங்கிலீஷ் சீட்டு செல்லாது, தமிழ்ல எழுதி வாங்கிட்டு வான்னீங்களே. கம்பவுண்டர் ஒரு வரி விடாம எழுதிக் குடுத்துட்டாரு.”

கன்னியப்பன் பதறிப்போய் எழுந்தான். “சத்தமா வேணாம்ணே. நீங்க மட்டும் படிச்சிக்குங்க.”

“குட்டு ஒடையப் போவுதுன்னு பதறுறான் பாருங்க! சாட்சிங்க எதுக்கு வந்திருக்காங்க, எனக்கு விசிறவா?”

தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார்.

“கன்னியப்பன். வலது தோளில் ஜவ்வு கிழிந்து அறுவை செய்யப்பட்டது. கை தூக்கினால் மீண்டும் நழுவும். கிழிந்த விதம், நோயாளி சொன்னபடி: மாசி மாதத் தடியடியில் மயங்கிக் கிடந்தவரைத் தோளில் போட்டுக்கொண்டு ஆலையின் பின்சுவர் தாண்டியபோது. சுமக்கப்பட்டவர் பெயர்...”

தாளை மடிக்கப் போனார்.

“பேரைப் படிங்க தலைவரே,” என்றார் சாட்சி கோவிந்தராசு. “சத்தமா.”

“அரிகிருஷ்ணன்.”