அஞ்சு கடைக்கு ஒரு மிஷின்

"வேதா, வந்துட்டாங்க! ஆபீஸரம்மா மொதல் கடைக்குள்ள போய்ட்டாங்க!"

பக்கத்துப் பட்டறைக் காசி மூச்சிரைக்க வந்து சொன்னதும் வேதா கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தாள்.

திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சந்தில் ஒட்டி ஒட்டி ஐந்து கிரில் பட்டறைகள். ஐந்துக்கும் சேர்த்துக் கம்பி வளைக்கும் மிஷின் ஒன்றே ஒன்றுதான். யாருக்கு வேலையோ அவர் கடைக்குப் பின்பக்க வழியாக அது உருண்டு போகும். தனியாக வாங்க ஒருவருக்கும் வசதி இல்லை. வாங்கினாலும் வைக்க இடமில்லை.

"எந்தப் பட்டறைய இங்க விடறது, எத வெளியூருக்கு அனுப்பறதுன்னு கணக்கெடுக்கறாங்களாம். சொந்த மிஷின் இல்லாத கடை சும்மா இடத்த அடைச்சிட்டிருக்குன்னு எழுதி, ஊரை விட்டே தூக்கிடுவாங்களாம்."

"பயப்படாதீங்கண்ணா. அவங்க முன்வாசல்ல போகட்டும், நாம பின்வாசல்ல தள்ளிடலாம். ஒவ்வொரு கடையிலயும் ஒரு டீ குடுத்து நிறுத்துங்க, போதும்."

நல்லவேளை, மிஷின் அப்போது முதல் கடையில்தான் இருந்தது; வேதா பின்பக்கமாக அங்கே ஓடினாள். புருஷன் போன பிறகு அவளுக்கும் இரண்டு பெண்களுக்கும் இந்தப் பட்டறைதான் சோறு.

முதல் கடை, இரண்டாவது, மூன்றாவது. மிஷின் முன்னால் போய் நின்றது; அதிகாரி அருணாதேவி பின்னால் வந்து, படிவத்தில் 'சொந்த மிஷின்' என்ற கட்டத்தில் டிக் அடித்தார். நான்காவது காசியின் கடை. மூன்று டீ குடித்திருந்த அருணாதேவி மிஷினை உற்றுப் பார்த்தார்.

"எல்லாருமே ஒரே மாதிரி வாங்கியிருக்கீங்களே?"

காசி அவசரமாக நான்காவது டீயை நீட்டினார். "மொத்தமா... வாங்கினோம் மேடம். வெல கம்மின்னு."

அவர் வெளியே காலெடுத்து வைத்ததும் பின்பக்கம் மிஷின் கிளம்பியது. பாழாய்ப்போன சக்கரம் சாக்கடை மூடியில் மாட்டிக்கொண்டது. வேதா பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினாள். கட்டைவிரல் நகம் பிய்ந்து ரத்தம் வந்தது. வலி தெரியவில்லை, பயம்தான் தெரிந்தது. ஐந்தாவதான தன் கடைக்குள் இழுத்துப் போட்டு, வேறு மிஷினாகத் தெரிய அதன் மேலிருந்த விபூதிப் பட்டையை முந்தானையால் துடைத்துவிட்டுக் குங்குமம் வைத்தாள். அதற்குள் வாசலில் செருப்புச் சத்தம்.

"இது உங்களோடதுதானாம்மா?"

"என்னோடதுதாங்க மேடம்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. பக்கத்துக் கடைக்காரங்கள நம்பி இல்லையே?"

வேதா அடிபட்ட விரலை முந்தானையில் மறைத்துக்கொண்டாள். "இல்லைங்க. யாரு தயவும் இல்லாம எங்க போட்டாலும் பொழச்சுக்குவேன்."

அருணாதேவி கடைசிக் கட்டத்திலும் டிக் அடித்து, பேனாவை மூடினார். அவர் முகம் வாடியிருந்தது.

"இந்தச் சந்தக் காப்பாத்திடலாம்னு நெனச்சுத்தாம்மா நானே நேர்ல வந்தேன். ஒரே மிஷினப் பல கடை பகிர்ந்துகிட்டு, கொஞ்ச எடத்துல நெறைய வேல செய்யற பட்டறைங்கள மட்டும் பிரிக்கக் கூடாதுன்னு உத்தரவு. இங்க அப்படி ஒரு கடைகூட இல்லையே. அடுத்த மாசம் உங்க அஞ்சு பேரையும் ஆளுக்கொரு ஊரா அனுப்ப வேண்டியதுதான்."