அசல் முத்திரை

"இது போலி முத்திரை," என்றாள் அவள்.

மரமில் முதலாளி குனிந்து முத்திரையை உற்றுப் பார்த்தார். அவள் பெரிய ஃபர்னிச்சர் கம்பெனி அனுப்பிய பெண். மரம் எந்தக் காட்டிலிருந்து வந்தது, முறையாக வெட்டியதா என்று பார்த்து அவள் தலையாட்டினால்தான் ஆர்டர். அது கைவிட்டுப் போனால் மில்லை இழுத்து மூட வேண்டியதுதான்.

இந்த வேலைக்கு வந்து அவளுக்கு நாளாகவில்லை, அதற்குள் ஒரு மில்லையும் விட்டுவைக்கவில்லை என்று பேச்சு. சிரிக்க மாட்டாள், சீறவும் மாட்டாள். பர்மிட்டை நீட்டியபோது வாங்கி அப்படியே மேஜையில் வைத்துவிட்டு, நேராக மரக்குவியலுக்கு வந்துவிட்டாள். கொடுத்த டீ ஆடை படிந்து கிடந்தது.

"என்ன மேடம், இப்படிக் குண்டைத் தூக்கிப் போடுறீங்க?"

"போலியாத்தான் தெரியுது."

அனுமதியோடு வெட்டிய மரத்தில் வனக்காவலர் தன் சுத்தியலால் ஓங்கி ஓர் அடி அடிப்பார். சுத்தியல் முனையில் இருக்கும் குறி, மரத்தின் வெட்டிய பக்கத்தில் பதியும். ஆளுக்கொரு சுத்தியல், சுத்தியலுக்கொரு குறி. திருட்டு மரக்காரர்கள் பட்டறையில் கொடுத்துக் கள்ளச் சுத்தியல் செய்துகொள்வதும் உண்டு.

பக்கத்தில் நின்றிருந்த மைத்துனன் வாயைத் திறந்தான். காட்டுப் பக்கம் முதலாளி எட்டிப் பார்த்ததே இல்லை. லாரியில் மரம் ஏற்றி வருவதெல்லாம் இவன்தான். "மாமா, மேடம் சொன்னா சரியாத்தான் இருக்கும். இந்த லோடைத் தள்ளி வெச்சிடலாம்."

முதலாளிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரெல்லாம் வாய் கிழியப் பேசுகிறவன், பேச வேண்டிய இடத்தில் கைகழுவுகிறான். அக்காளைக் கொடுத்த வீட்டில் சோறு தின்கிறோம் என்ற நினைப்பாவது வேண்டாமா?

"நீ சும்மா இரு மாப்ளே. மேடம், இங்க பாருங்க. கள்ளச் சுத்தியல்னா குறி புதுசா, முழுசா விழும். இந்த நட்சத்திரக் குறியில ஒரு முனை உடைஞ்சிருக்கு பாருங்க. அடிச்சு அடிச்சுத் தேஞ்ச சுத்தியல் மேடம் இது!"

"கள்ளச் சுத்தியலும் உடையும்."

மைத்துனன் இருமினான். முதலாளியின் காலை லேசாக மிதித்தான்.

"கண்ணு தெரியலையாடா?" என்று அவனிடம் எரிந்து விழுந்துவிட்டு முதலாளி கொட்டகைக்கு ஓடினார். அறுக்காமல் மிச்சம் கிடந்த பழைய மரம் ஒன்றை ஆட்களிடம் உருட்டிவரச் சொன்னார்.

"போன வருஷத்து மரம். உங்க கம்பெனியே பார்த்து சரின்னு சொன்னது. அதே நட்சத்திரம், அதே முனை உடைஞ்சிருக்கு. ரெண்டும் ஒரே சுத்தியல்தானே மேடம்?"

அவள் பழைய முத்திரையைக் கட்டைவிரலால் தடவினாள். பிறகு புதியதை. மறுபடியும் பழையதை.

"இந்தச் சுத்தியல் வெச்சிருக்கிற காவலர் அவ்வளவு கறார் மேடம். ஒத்த மரத்தைக்கூட விட மாட்டேங்கிறார்னு இவன் தினமும் புலம்புவான். இப்பதான் கொஞ்ச நாளா சத்தத்தைக் காணோம்."

"மாமா, போதும்," என்றான் மைத்துனன்.

"புது மரத்துல எப்ப அடிச்சாங்க?" என்று கேட்டாள் அவள்.

"போன வாரம். வெட்டின ஈரம்கூடக் காயல. முத்திரை அடிக்கும்போது இவன் பக்கத்துலயே நின்னிருக்கான். சொல்லேண்டா!"

மைத்துனனுக்குச் சட்டை நனைகிற அளவுக்கு வியர்த்திருந்தது. அவன் கண் வெளி கேட்டின் மேல் இருந்தது.

"அப்ப இது அசல்தான்," என்றாள் அவள்.

முதலாளிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "சத்தியமா அசல் மேடம்! எங்க கூப்பிட்டாலும் வந்து சொல்றேன்."

"வந்து சொல்லுங்க."

அவள் விரலை முத்திரையிலிருந்து எடுக்கவில்லை. கண்ணில் ஈரம் இல்லை. அழுகையெல்லாம் எப்போதோ தீர்ந்து, உள்ளே எல்லாம் மரத்துப்போயிருந்தது.

"மூணு மாசத்துக்கு முன்னாடி இந்தச் சுத்தியலோட காட்டுக்குப் போன என் வீட்டுக்காரர், இன்னும் திரும்பி வரல."